டயரோடு மாறிய இழுப்பு

ஐப்பசி, வியாழன் இரவு.

அண்ணனின் கார் இப்போது வலப்பக்கம் இழுக்கிறது. சாயங்காலம் பசுவந்தனை ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். காலை வரை இடப்பக்கம் இழுத்த வண்டி. இடையில் மெக்கானிக் செய்தது, முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டது மட்டுமே. டயரோடு இழுப்பும் மாறியதால் கோளாறு டயரில்தான். வண்டி எங்கும் மோதவில்லை.

சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் செய்த பிறகும் இழுத்ததால், டிரைவர் முருகன் எங்கேயோ இடித்துவிட்டு மறைப்பதாக அண்ணன் முடிவு கட்டியிருந்தார்.

"இடிக்காமத்தான் வண்டி தானா நொண்டுதோலே?"

"எங்கனயும் இடிக்கல மொதலாளி. எம்புள்ள மேல சத்தியம்."

நேற்று சாவியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்.

இன்று நான் சொன்னதும் அண்ணன், "காலையில நானே புதூருக்கு அவன் வீட்டுக்குப் போயி அவனக் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

முருகனுக்குத் தூத்துக்குடியில் லாரி வேலை கிடைத்துவிட்டது என்று முருகனின் மச்சினன் சொன்னான். நாளை விடியுமுன் வரும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறாராம். அதையும் அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டினார்.

ஏழு மணிக்கு முன் அண்ணன் எழுந்து நான் பார்த்ததில்லை.