இரண்டு விரற்கடை

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ வாங்கி அனுப்பிய கைத்தடிதான் அம்மாவைக் கீழே தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இரண்டு வாய் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

அவள் விழுந்தபோது நான் கடையில் இருந்தேன். என் வேலை என்னவென்று நீ கேட்டதில்லை. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கடைசியாகக் குழிக்குள் தட்டிவிடும் மட்டைக்குப் புட்டர் என்று பெயர். வாங்க வருபவரின் உடம்புக்கு அதைப் பொருத்திக் கொடுப்பேன். அன்று வந்தவர் பெரிய காண்ட்ராக்டர். பந்தடிக்கிற மாதிரி குனிந்து நிற்கச் சொன்னேன். கை தளர்ந்து தொங்குகிறதா, கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்த்தேன். தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தேன். ஒன்பது மட்டைகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றின் தலை கனம், ஒன்றின் பிடி தடிமன். இன்னொன்றை, "புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குதும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் முதலில் எடுத்ததே பிடித்தது, அரை அங்குலம் மட்டும் குறைக்கச் சொன்னார். வெட்டி, பிடி மாட்டிக் கொடுத்தேன். இரண்டரை மணி நேரம். போனை எடுத்துப் பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா ஆறு முறை கூப்பிட்டிருந்தார்.

மட்டை நீளமானால் தோள் தூக்கிக்கொள்ளும். வாடிக்கையாளர் நிற்பதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். உன் தடி வந்ததிலிருந்து ஆறு மாதமாக அம்மாவின் வலது தோள் தூக்கியே இருந்தது.

"ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுக்குற, இதையும் ரெண்டு விரக்கடை வெட்டிக் குடேன்டி" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். பழகிவிடும் என்றேன். நீயும் போனில் அதையேதான் சொன்னாயாம். நாற்பது வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தவளுக்கு எதுவும் பழகிவிடும் என்று நமக்கு நினைப்பு.

ஆறு வாரத்தில் நடக்கலாம், சரியான தடி வாங்கி வையுங்கள் என்கிறார் டாக்டர். அம்மா நிமிர்ந்து நின்றால் எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் அளந்ததே இல்லை. காண்ட்ராக்டரின் மணிக்கட்டு உயரம் முப்பத்துமூன்றரை அங்குலம், அது இன்னும் நினைவிருக்கிறது.

அம்மா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

தடி வாங்கிய இடத்தில் உன்னிடமும் அவள் உயரத்தைக் கேட்டிருப்பார்களே. என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது.

உன் தங்கை