கடலைப் பார்த்து நின்ற கார்

மேடவாக்கம், சென்னை
9.3.2025

அன்பு மனைவி வினோதினிக்கு,

கலையரசன் எழுதுவது. நீ என் நம்பரை பிளாக் செய்து ஐந்து வாரம் ஆகிறது. உன் அம்மாவுக்குப் போன் போட்டால் "பொண்ணு வேலைக்குப் போயிருக்குதுங்க மாப்ள" என்று ஒரே பாட்டு. ராத்திரி எட்டு மணிக்கும் அதே பாட்டு. இந்தக் காலத்தில் பெண்டாட்டிக்கு எழுத போஸ்ட் ஆபீஸில் போய் ஸ்டாம்ப் வாங்கியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நான் நலம் என்று எழுத ஆசைதான். ஹோட்டல் சாப்பாடு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நீ ஏன் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாய் என்று யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். கார்த்திகையில் என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு உன்னைப் பட்டுப்புடவையோடு பஸ்ஸில் கூட்டிப்போனேன். திண்டிவனம் வரை நின்றுகொண்டே வந்தாய். என் சொந்தக்காரர்கள் எல்லாம் காரில் வந்து இறங்க, நாம் மட்டும் ஷேர் ஆட்டோவில். உன் முகம் அன்றைக்கே மாறிவிட்டது. சரி, அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறேன்.

மரக்காணம் தாண்டி ஈ.சி.ஆரில், கடலை ஒட்டி ஒரு பங்களா. ஓனர் சென்னை ஆள், லீவுக்கு மட்டும் வருகிறவர். அவருடைய காம்பாக்ட் எஸ்.யூ.வி. விற்பனைக்கு வந்திருக்கிறது. ஜெர்மன் கம்பெனி, கறுப்புக் கலர், லெதர் சீட், சன்ரூஃப். ஐந்து வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. புதுசாக வாங்க நமக்கு இந்த ஜென்மம் போதாது. செகண்ட் ஹேண்டில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. உங்கள் ஊரில் உப்பும் கருவாடும் தவிர இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மார்ச் மாதம் பேங்கில் லீவு கிடையாது. நீ போய் ஒரு பார்வை பார்த்து எழுது. சீட்டில் கிழிசல் இருக்கிறதா, சன்ரூஃப் திறந்து மூடுகிறதா, ஏ.சி. குளிர்கிறதா, அவ்வளவு போதும். எஞ்சின் விஷயம் உனக்குப் புரியாது. வண்டியை எடுத்ததும் நேராக உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி உன்னை அழைத்துப்போகிறேன். உங்கள் தெருவே வந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
கலையரசன்


மரக்காணம்
16.3.2025

கலையரசன் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. போன் என்றால் மூன்றாவது நிமிஷத்தில் கத்த ஆரம்பிப்பீர்கள். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

காரைப் போய்ப் பார்த்தேன். உங்களுக்காக என்று பூரித்துப்போக வேண்டாம். சின்ன வயதிலிருந்து அந்த பங்களாவின் மதிலை மட்டும் பார்த்தவள் நான். உள்ளே நுழைய ஒரு சாக்கு கிடைத்தது. உள்ளே அப்படி ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் புல், ஒரு ஊஞ்சல், ஒரு நீச்சல் குளம். எதிரே கடல் கிடக்கும்போது குளம் வெட்டிய மனிதர் காரை எப்படி வைத்திருப்பார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சீட்டில் கிழிசல் இல்லை. சன்ரூஃப் திறக்கிறது, மூடும்போது மட்டும் முனகுகிறது. ஏ.சி. குளிர்கிறது. நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனால் நான் கெமிஸ்ட்ரி படித்து, உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் லேபில் வேலை பார்க்கிறவள் என்பதை நீங்கள் மறந்தாலும் நான் மறக்க முடியாது.

கார் ஐந்து வருஷமாகக் கடலைப் பார்த்து நிற்கிறது. எங்கள் ஊரில் ஓட்டை மொபெட்டைக்கூட கடலுக்கு முதுகு காட்டித்தான் நிறுத்துவார்கள். ஓடாத வண்டி நல்ல வண்டி என்பது மேடவாக்கத்துப் புத்தி. இங்கே ஓடாமல் நிற்கிற வண்டியைத்தான் உப்புக்காற்று உட்கார்ந்து தின்னும்.

வாட்ச்மேன் பெயர் வெங்கடாசலம், பெருமுக்கல்காரர். "டெய்லி ரெண்டு வாட்டி கழுவுறேம்மா. போர் தண்ணிய ஃபோர்ஸா அடிச்சி, அடியில எல்லாம் வுட்டு கழுவிடுவேன். ஓனர் ஆர்டர்" என்றார். அந்தக் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டாம். "இது உப்புத்தண்ணியாச்சே அண்ணா" என்றேன். "தெரியுமேம்மா. கழுவுன்னாரு, கழுவுறேன். இன்னா தண்ணின்னு அவரு கேக்கல, நானும் சொல்லல" என்றார். அந்த பங்களாவிலேயே எனக்கு மரியாதை வந்தது அவர் ஒருவர் மேல்தான்.

அந்தோணிராஜையும் கூட்டிப்போயிருந்தேன். உப்பளத்து மோட்டார் பம்புகளை ரிப்பேர் செய்கிறவர், துருவோடு குடித்தனம் நடத்துகிறவர். காருக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டது. "யக்கா, மேல ஷோக்கா இருக்குது. அடியில அப்பளம். மாமாவ வாணாம்னு சொல்லிடு" என்றார்.

சொல்லிவிட்டேன். வாங்க வேண்டாம்.

நான் கிளம்பி வந்ததற்கு பஸ் காரணம் இல்லை. மூன்று வருஷம் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்த்தான் படித்தேன். உண்மையான காரணத்தை நீங்களே யோசித்து எழுதினால் மறுநாள் பெட்டியோடு மேடவாக்கம் வந்துவிடுகிறேன். இது வாக்கு.

வினோதினி


மேடவாக்கம்
23.3.2025

அன்புள்ள வினோதினிக்கு,

ஜெர்மன் காரை பம்பு ரிப்பேர்காரனை வைத்துச் சோதித்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் எந்தக் கார்தான் தாங்கும்? அந்த ஓட்டைக்கு யார் பொறுப்பு? எங்கள் பிராஞ்ச் விஜயகுமாரிடம் கேட்டேன். சொந்தமாக இரண்டு கார் வைத்திருக்கிறவர், கார் வீடியோ எல்லாம் பார்க்கிறவர். ஜெர்மன் தகட்டில் துருவே ஏறாது, அப்படியே ஏறினாலும் மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்கிறார். அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

நம் அபார்ட்மெண்டில் கீழே நமக்கென்று கோடு போட்ட இடம் இருக்கிறதே, அதில் ஊரார் ஸ்கூட்டரும் உடைந்த சைக்கிளும் கிடக்கின்றன. எடுக்கச் சொன்னால் "உங்களுக்கு எதுக்கு சார் பார்க்கிங்" என்று சிரிக்கிறார்கள். மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் படியேறுகிறேன். இதெல்லாம் உனக்குப் புரியாது. உங்கள் ஊரில் எல்லாரும் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க அவசியம் இல்லை.

காரணம் சொல் என்று விடுகதை போட்டிருக்கிறாய். வானூரில் எங்கள் வீட்டில் அம்மா உன் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, உப்பளத்துக் கை அப்படித்தான் இருக்கும் என்று சொன்னாளே, அதுவா? அது விளையாட்டுக்குச் சொன்னது. இல்லை, உன்னை வேலைக்குப் போக வேண்டாம் என்றேனே, அதுவா? அது உன் நல்லதுக்கு. இரண்டும் இல்லையென்றால் நான் வேறு எந்தத் தப்பும் செய்ததாக நினைவில்லை.

கலையரசன்


மரக்காணம்
30.3.2025

வணக்கம்.

மீன்குழம்பு இல்லை. அன்று உப்பு அதிகம்தான், அத்தை சொன்னது சரி. வேலையும் இல்லை. உங்களைக் கேட்டுவிட்டா இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்?

நீங்கள் கண்டுபிடிக்கப்போவதில்லை, நானே சொல்கிறேன். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேனேஜர் காரை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டு இங்கே வந்தோம். அப்பா உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார். சீசனுக்கு முன்னால் தரை கெட்டியாகும் வரை சேற்றை மிதிக்க வேண்டும். முழங்கால் வரை களிமண். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

நீங்கள் கார்க் கதவைத் திறக்கவில்லை. டிக்கியைத் திறந்தீர்கள். தண்ணீர் பாட்டில் எடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். பழைய பேப்பர் எடுத்தீர்கள். சீட்டில் விரித்தீர்கள், கீழே விரித்தீர்கள், காற்றில் பறந்ததைப் பிடித்து வந்து மறுபடி விரித்தீர்கள். பிறகு துணிக்கடைப் பிளாஸ்டிக் பைகளை அப்பாவின் கால்களில் மாட்டி முடிச்சுப் போட்டீர்கள். அவ்வளவு நேரமும் அந்த நான்கு பேரும் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரும் வரை அப்பா காலைக் கீழே ஊன்றவில்லை. அந்த வலியிலும் இரண்டு காலையும் தூக்கியே வைத்திருந்தார். "கால கீழ வைப்பா" என்றேன். "மாப்ள இரவல் வாங்கியாந்த வண்டிம்மா" என்றார். நீங்கள் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினீர்கள்.

காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலோடு கிளம்பிவிட்டீர்கள். ஸ்டென்ட் வைத்து, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்று சொல்லி அப்பாவை அனுப்பினார்கள். போனில் உங்களுக்கும் சொன்னேன். அதன் பிறகு சென்னை வந்தேன். கதவைத் திறந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, ரெண்டு வாட்டி வாட்டர் வாஷ் விட்டும் அந்த வாடை போகல என்பதுதான். ஒரு வாரம் பொறுத்தேன், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்களா என்று. பிறகுதான் பெட்டியை எடுத்தேன்.

இத்தனைக்கும் அப்பா உங்களை விட்டுக்கொடுப்பதில்லை. "அன்னிக்கி மாப்ள மட்டும் வண்டியோட வரலன்னா இந்த சுப்ராயன் இல்ல" என்று தெரு முழுக்கச் சொல்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கார் வேண்டாம். அட்வான்ஸ் போனால் போகட்டும். பஸ்ஸில் வாருங்கள். அப்பா எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன வார்த்தை என்று நான் சொல்லித்தர மாட்டேன். சொன்னால் அன்றைக்கே உங்களோடு வருகிறேன். ஒருவரை அற்பமாக நினைத்துக்கொண்டே அவருக்குப் பெண்டாட்டியாகவும் இருப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வினோதினி


மேடவாக்கம்
6.4.2025

அன்புள்ள வினோதினிக்கு,

இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டேன். அது அடுத்தவர் வண்டி. மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். மாமாவே தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, நீ ஏன் தூக்கிச் சுமக்கிறாய்?

இதற்காகத்தான் சொந்தக் கார் வேண்டும் என்கிறேன். நம் காரில் மாமா முன் சீட்டிலேயே உட்காரலாம். அதற்கென்றே லெதர் சீட் மேல் ரெக்சின் கவர் தைக்கக் கொடுத்துவிட்டேன். களிமண்ணோ உப்போ எது பட்டாலும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். உங்கள் ஆட்களுக்காக நான் எவ்வளவு தூரம் யோசிக்கிறேன் என்று இப்போதாவது புரிந்துகொள்.

13ஆம் தேதி ஞாயிறு டெலிவரி. பத்து மணிக்கு உப்பளத்துப் பக்கமே வந்துவிடுகிறேன். உப்புக் குவியல் பக்கத்தில் கறுப்புக் காரை நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும், அபார்ட்மெண்ட் குரூப்பில் போட. நீ அந்த நீலப் பட்டைக் கட்டிக்கொள். மாமாவுக்கு வெள்ளை வேட்டி. அவரிடம் சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிடுகிறேன்.

கலையரசன்


மரக்காணம்
15.4.2025

கலையரசன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் நீலப் பட்டுதான் கட்டியிருந்தேன். நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு இளக்காரமாக இருக்கிறது. அப்பா கஞ்சி போட்ட வேட்டியோடு ஒன்பது மணிக்கே வந்து நின்றார்.

"ரோட்லயே நிறுத்துங்க மாப்ள, உள்ள வராதீங்க" என்று அப்பா கையை ஆட்டினார். போட்டோவுக்குக் குவியல் முழுசாகத் தெரிய வேண்டும் என்று நீங்கள் வண்டியை உப்பளத்துக்குள் இறக்கி ஓட்டினீர்கள். வெள்ளையாகக் காய்ந்து கிடப்பதை சிமெண்ட் தரை என்று நினைத்தீர்கள் போல. மேலே காய்ந்தாலும் அடியில் களிதான் என்று இங்கே தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். முன் சக்கரம் இரண்டும் புதைந்தன.

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். முன்னால் நின்று பின்பக்கமாகத் தள்ள வேண்டும். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "நீ வாப்பா, நீ தள்ளக் கூடாது" என்று கத்தினேன். "மாப்ள வண்டிம்மா" என்று தோளைக் கொடுத்தார். உங்கள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். அவர் நெஞ்சுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினீர்கள். இப்போதாவது இறங்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். "மாமா, பெயிண்ட்ல கை உரசாம தள்ளச் சொல்லுங்க" என்றீர்கள்.

வண்டி அசைந்ததும் ரிவர்ஸில் ஒரே அழுத்து. சக்கரம் கிளப்பிய களி அத்தனையும் அப்பா மேல். உங்கள் கண்ணாடியிலும் கொஞ்சம் விழுந்தது. வைப்பரைப் போட்டுத் துடைத்துக்கொண்டு, நிற்காமல் ஈ.சி.ஆர். வரை ரிவர்ஸிலேயே போனீர்கள். அங்கிருந்து ஹாரன் அடித்தீர்கள். முன் பம்பர், கூடத் தள்ளிக்கொண்டிருந்த அந்தோணிராஜ் கையோடு வந்துவிட்டது. அவர் கடையில் சாத்தி வைத்திருக்கிறார். ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. பட்டு முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் போய்வாம்மா என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, போகவும் மனமில்லாமல் உட்காரவும் முடியாமல் நின்றேன். வாயில் போன களியைத் துப்பிவிட்டு, ரோட்டில் நின்ற காரைப் பார்த்தார்.

"அவன்கூட போவாதம்மா" என்றார்.

போகவில்லை. இனியும் வருவதாக இல்லை.

என் சர்டிபிகேட் ஃபைல் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. கம்பெனியில் வேலையை நிரந்தரம் செய்ய ஒரிஜினல் கேட்கிறார்கள். கூரியரில் அனுப்புங்கள். வேறு எதையும் அனுப்ப வேண்டாம்.

வினோதினி