நீலக் கட்டம் போட்ட சட்டை

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பெண்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் அழுகை முந்திக்கொண்டு வருகிறது, சொல்ல வந்தது பின்னால் நின்றுவிடுகிறது. அதனால்தான் தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, தைக்க வேண்டிய சீருடைகள் மெஷின் பக்கத்தில் மலையாகக் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

உன் மாமாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ முடி வெட்டிவிட்டுப் போன நாளிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்பதுதான் அதிகமாகிவிட்டது. "பத்து வயசு கொறஞ்ச மாதிரி இல்ல?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்கிறார். பாவம், அவர்களும் ஆமாம் என்கிறார்கள்.

நீ ஊருக்குத் திரும்பிய பிறகும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. துணி வெட்டிக்கொண்டே இருப்பேன். திடீரென்று கத்தரியை வைத்துவிட்டு, எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்த அன்று, கையில் அகப்பட்ட பிள்ளைகளை யார் யாரோ தூக்கி லாரிகளில் ஏற்றினார்கள். எனக்கு ஒன்பது வயது, உனக்கு மூன்று. என்னை ஒரு லாரி கொண்டுபோயிற்று, உன்னை இன்னொன்று. அப்பாவையும் அம்மாவையும் ஆறு கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு, துணி கொடுக்க வந்தவர்களில் நான் உன் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. நீயும் உன் கடை நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரையும் விடாமல் அதே வெள்ளத்தைச் சொல்லியிருக்கிறாய். மாமாவின் சிநேகிதர், அந்த லாரி டிரைவர், உன்னிடம் சவரத்துக்கு வந்து உட்காராமல் போயிருந்தால்? ஒரு கதையின் இரண்டு பாதியும் ஒரே மனிதர் காதில் போய் விழுந்திருக்கிறதே! பாதிச் சவரத்தில் எழுந்து, முகத்தில் நுரையோடு எனக்குப் போன் செய்தாராம். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. கடவுளுக்கு நன்றி சொல்வதா, லாரிக்குச் சொல்வதா என்று தெரியாமல் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பஸ் நிலையத்து விஷயத்துக்கு வருகிறேன். நீ அதை மனதிலேயே வைத்திருக்கிறாய் என்று தெரியும். நீலக் கட்டம் போட்ட சட்டையில் வருவேன் என்று சொன்னது நீ. தையல்காரியிடம் சட்டையைச் சொன்னால் அவள் முகத்தையா பார்ப்பாள்? பக்கத்து இருக்கைக் குழந்தை உன்மேல் பால் கக்கியதும், நீ வழியிலேயே வேறு சட்டை மாற்றிக்கொண்டதும் எனக்கு ஜோசியமா தெரியும்? நீலக் கட்டத்தில் இறங்கிய முதல் மனிதரைக் கட்டிப்பிடித்து, "அப்பா மூக்கு அப்படியே இருக்குடா" என்று ஊரைக் கூட்டிவிட்டேன். அவர் வாயைத் திறக்க நான் விட்டால்தானே! டீக்கடைக்கு இழுத்துப்போய் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்த பிறகுதான், "உங்க தம்பியா இருந்தா எனக்கும் சந்தோசந்தாம்மா. ஆனா நான் ஃபேன் ரிப்பேர் பண்றவன்" என்றார்.

நீ பின்னாலேயே பையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஏன்டா கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "அந்த ஆளு எடத்துல நான் இருந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்கிட்டே நின்னுட்டேங்க்கா" என்றாய்.

இப்போது அதையே பிடித்துக்கொண்டாய். "யாரோ ஒருத்தர்கிட்டயும் அப்பா மூக்கப் பாத்தீங்களே, என்கிட்ட பாத்தது மட்டும் எப்படிக்கா நெஜம்? ரத்த டெஸ்ட் எடுத்துருவோம்" என்கிறாய். முடிவு தெரியும்வரை உன் பெண்களிடம் என்னை அத்தை என்று சொல்லப்போவதில்லையாம். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். பிறகுதான் அந்தப் பழைய கதையைச் சொன்னாய். வாலிபத்தில் ஒரு வீட்டார் தொலைந்துபோன எங்கள் பிள்ளை என்று உன்னைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு வைத்திருந்ததையும், சொந்தப் பிள்ளை கிடைத்தவுடன் உன்னைப் பஸ் ஏற்றி அனுப்பியதையும் சொன்னாய். "இன்னொரு தடவ திரும்பிப் போக எனக்குத் தெம்பு இல்லக்கா" என்றாய். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டில் தண்ணீர் குடித்து முடித்தால் தம்ளரைக் கவிழ்த்து, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அம்மா போட்ட சட்டம். தட்டாவிட்டால் தாகம் போகாது என்பாள். நான் இன்றும் தட்டுகிறேன், "யாரு கதவத் தட்டுறது?" என்று மாமா கேலி செய்வார். அன்று நீ எங்கள் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாய். என் இடுப்பில் இருந்த பிள்ளையா இது என்று அண்ணாந்து பார்த்தபடியே தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாய். மாமாவோடு பேச்சைக்கூட நிறுத்தவில்லை, நீ செய்தது உனக்கே தெரியாது. மாமா என்னைப் பார்த்தார். அவருக்குக் கேலி வரவில்லை. நான் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் முகமே நினைவில்லாத பிள்ளையின் கையில் அம்மா இருக்கிறாள்! அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால் அடுத்த முறை நீ எனக்காகத் தட்டுகிறாயோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும் என்றுதான் சொல்லவில்லை.

இதையும் தற்செயல் என்பாய். சொல்லிக்கொள். நாளைக்கே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். மிட்டாய் கேட்க வேண்டிய வயதில் நீ என்னிடம் கேட்க முடியாமல் போயிற்று. இப்போது ரத்தம் கேட்கிறாய், கொடுக்காமல் இருப்பேனா?

ஒன்று மட்டும் தெரிந்துகொள். இந்த வீட்டில் யாரையும் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. அந்த ஃபேன்காரரையே நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், அக்கா என்கிறார், சாப்பிடுகிறார், நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கிற ஃபேனைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகிறார்.

முடிவு உன் கைக்குத்தான் வரும் என்றாயே, அதை எனக்குப் போனில் சொல்லாதே. எதுவாக இருந்தாலும் நேரில் வந்து சொல். உன் மனைவியையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு வா. வந்ததும் வராததுமாகச் சொல்லாதே; முதலில் எல்லாரும் சாப்பிடுங்கள், தூங்கி எழுந்திருங்கள். ஆமாம் என்று வந்திருந்தால் அப்புறம் நிதானமாகச் சொல். இல்லை என்று வந்திருந்தால், என் ராசா, சொல்ல மறந்துபோய்விடு.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா