டேங்கில் விழுந்த பள்ளம்

மகனுக்கு,

உன் கடிதத்தில் நான்கு எழுத்துப்பிழைகள். ஐம்பதை நெருங்கியும் உனக்கு நிதானம் வரவில்லை.

அப்பாவின் ரேஸ் பைக்கைக் கேட்டிருக்கிறாய். டேங்கில் உள்ள பள்ளத்தை உன் கையாலேயே நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, அவர் படத்தின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வண்டி நேற்றே போய்விட்டது. பழைய வண்டிகள் சேகரிக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். கடைசிப் பந்தயத்தின் சேறுகூட அப்படியே இருந்ததில் அவருக்கு ஏக மகிழ்ச்சி.

"துடைச்சிருந்தீங்கன்னா தொட்டிருக்கவே மாட்டேம்மா" என்றார்.

பிறகு டேங்கில் டார்ச் அடித்தார். "பையன் கீழ போட்டதுன்னீங்க. விழுந்தா பெயின்ட் உரசியிருக்கணுமே! இது யாரோ சுத்தியலால போட்டது."

கெட்டிக்காரர். உன்னை வீட்டைவிட்டுத் துரத்தி, சாகும்வரை உன் முகத்தில் விழிக்காத உன் அப்பாவுக்கு இது தெரியவில்லை. நீ அன்று வண்டியோடு புல்லில்தான் சாய்ந்தாய்; வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பயத்தில் நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டாய். அன்று எங்கள் திருமண நாள்; அதை மறந்து, இந்த வண்டிக்கு உதிரிபாகம் வாங்க அவர் வெளியூர் போயிருந்தார். நான் ஒரே அடிதான் அடித்தேன்.

ஒவ்வொரு தழும்பும் எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொன்னார் அந்த மனிதர். அந்நியரிடம் என்னைப் பற்றியா எழுதுவேன்? 'மகன் கோபத்தில் சுத்தியலால் அடித்தது' என்று எழுதிக் கொடுத்தேன். உனக்குப் பழகிய பழிதானே.

கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று பாராட்டினார்.

அம்மா