தூணிடம் சொன்னதும் ஆண்டவரிடம் சொன்னதும்

மார்ச் 3, திங்கள்

மருமகள் வாய்விட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்திருக்கிறாள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது.

எங்கள் பத்தாக் இனத்து முறைப்படி மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக்கூடாது. என் பெண்டாட்டி இருந்தவரை அவள்தான் நடுவில் நின்று பேச்சைக் கைமாற்றினாள். அவள் போன பிறகு சமையலறைத் தூண்தான். "தூணே, மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் இவள். "தூணே, வர்றேன்னு சொல்லு" என்பேன் நான். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது சர்ச் மாதர் சங்கத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்காக ஒருவர் பேர் சொல்லி ஜெபிக்க வேண்டும், அப்போதுதான் உறவு வேர்பிடிக்கும் என்று. மாமனார் பேரை எப்படிச் சொல்வாள்? அதுவும் கூடாதே! கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்: "ஆண்டவரே, இந்த வீட்டுப் பெரியவருக்கு ரத்தக் கொதிப்பு. பன்றிக் கொழுப்புப் பக்கம் போற கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கும்."

என் கை அப்போது தட்டில்தான் இருந்தது. இது ஆண்டவருக்கா, எனக்கா?

மார்ச் 4

கள்ளுக்கடையில் மச்சான் கொம்கொம்மிடம் சொன்னேன். "பொம்பளை திடீர்னு பக்தியானா பாத்துக்க மச்சான். ஏதோ பெரிசா கேக்கப்போறா" என்றான். சொல்லிக்கொண்டே சதுரங்கத்தில் என் குதிரையைத் தின்றுவிட்டான். திருடன். ஆனாலும் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

மார்ச் 6

எனக்கு மட்டும் வாய் இல்லையா? நானும் ஜெபித்தேன். "ஆண்டவரே, மீன்ல புளிப்பு போதலை. உமக்கே தெரியும்."

"ஆமென்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மார்ச் 7

இன்றைய மீன் - ஒரு வாய் வைத்ததும் என் கண் இரண்டும் தானாக மூடிக்கொண்டன.

"தூணே பாரு, மாமாவுக்கு எம்புட்டு பக்தி!"

மார்ச் 9, ஞாயிறு

வெளியே வந்துவிட்டது.

"ஆண்டவரே, ஜகார்த்தா விஷயத்துல நீரே ஒரு முடிவு சொல்லும்."

என் மகன் பார்லின் அங்கே துறைமுகத்தில் வேலை செய்கிறான். என்ன முடிவு? என்னை மூட்டை கட்டி அங்கே கொண்டுபோகவா? என் பெண்டாட்டி வீட்டுக்குப் பின்னால், ஏரியைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் போவதென்றால் அவள் பக்கத்து இடத்துக்குத்தான். இல்லை... என்னை யார் தலையிலாவது கட்டிவிட்டு இவள் மட்டும் போகவா? இதற்குத்தானா இத்தனை ஸ்தோத்திரம்?

மார்ச் 11

கொடியில் என் சட்டைகளைக் காணோம். அவள் அறைக் கதவு திறந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, கண் தானாகப் போனது. கட்டிலில் ஒரு பை. பக்கத்தில் என் சட்டைகள்.

ஆகா. மூட்டையேதான்.

"தூணே, ஜகார்த்தாவுல கள்ளு கிடைக்குமா?"

"தூணே, வயசானவங்களுக்குக் கள்ளு எதுக்கு?"

கேட்டதுக்குப் பதிலா இது?

மார்ச் 13

சாப்பிடவில்லை. ஏன் என்று தூணிடம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 14

பார்லின் போன் பண்ணினான். "ஏண்டா, என்னை எப்போ ஏத்திட்டுப் போகப்போற? நேராவே சொல்லுடா!" என்று கத்தினேன்.

"உங்களையா? அப்பா, நீங்க அசைய மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? அவளையாவது அனுப்பி வைங்க. ரெண்டு தடவை டிக்கெட் எடுத்தேன். பையை எடுத்து வைக்கிறா, மறுபடி பிரிச்சிடுறா. 'அத்தை போன பிறகு மாமாவுக்குப் பேச்சுத் துணைக்கு இந்தத் தூண்தான் இருக்கு. நானும் வந்துட்டா தூண் பதில் சொல்லுமா'ன்னு கேக்குறா."

போனை வைத்துவிட்டேன். அவன் கல்யாணமாகியும் அங்கே தனியாகப் பொங்கித் தின்கிறான். இவள் இங்கே என் தட்டைக் காவல் காக்கிறாள். நான் என்னடா என்றால் பையை உளவு பார்த்துக்கொண்டு...

சே.

மார்ச் 15

சாப்பாட்டுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். மாதர் சங்கம் சொன்னபடியே.

"ஆண்டவரே, தியர்மா..."

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. இந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை.

"...தியர்மா அவ புருஷனோட இருக்கணும். அவளைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேரும். பெரியவர் தனியா கிடப்பாரேன்னு அவ பயப்படுறா. இவ்வளவு நாள் அவளைச் சந்தேகப்பட்ட கிழவன்தானே, கொஞ்ச நாள் தூணைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்பான். ஆமென்."

அவள் ஆமென் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கொழுப்புத் துண்டு ஒன்று எடுத்தேன். யாரும் ஆண்டவரைக் கூப்பிடவில்லை. அது ருசிக்கவும் இல்லை.

மார்ச் 22

படகு ஏறிவிட்டாள். என் சட்டைகள் எல்லாம் என் பெட்டியில் இருக்கின்றன. நடுங்குகிற விரலுக்குத் தோதாகப் பெரிய பெரிய பொத்தானாக மாற்றித் தைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாதர் சங்கத்துப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு சோறு கொண்டு வருகிறார்கள். சர்ச்சில் அவர்கள் காதில் விழும்படி தியர்மா ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறாள், வேறென்ன.

இன்று சாப்பிடும்போது போன் வந்தது. பார்லின்தான் என்று எடுத்தேன்.

"மாமா? சாப்பிட்டீங்களா?"

தூணைப் பார்த்தேன். அது சும்மா நின்றது.

"சாப்பிட்டேம்மா" என்றேன். "கீரையும் சோறும். அவ்வளவுதான்."



"ஆண்டவரே," என்றாள், "பெரியவர் பொய் சொல்றார்."

கையிலிருந்த கொழுப்புத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தேன்.