முழங்கை ஒட்டின போட்டோ

டப்ளின்

அன்புள்ள அப்பாவுக்கு மமதாவோட வணக்கம். நான் இங்க நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி எப்படி இருக்குது? நான் சொன்ன பயிற்சிய தினமும் செய்யறீங்களா, இல்ல அம்மா பாக்கும்போது மட்டுமா?

தனியா பிசியோதெரபி கிளினிக் ஆரம்பிக்கறேன் இல்ல, அதோட வெப்சைட்டுக்கு என் போட்டோ வேண்டியிருந்துச்சு. முதல்ல பாத்த போட்டோகிராபர் முன்னாடி எடுத்த படங்கள்ல டாக்டர், வக்கீல் எல்லாரும் ஒரே மாதிரி கையக் கட்டினு நின்னாங்க. வேணாம்னுட்டேன். அப்புறம் நோரான்னு இன்னொரு போட்டோகிராபர் அம்மா. கேமராவப் பத்திப் பேசறதுக்கு முன்னாடியே, "உங்ககிட்ட வர்றவங்க பயந்துனு வருவாங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்களையே வரச் சொன்னேன்.

எடுக்கறப்போதான் வம்பு. கைய ஃப்ரீயா விடுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னாலும் என் முழங்கை ரெண்டும் உடம்போட ஒட்டிக்குது. ஊருக்கெல்லாம் தோள நிமித்தச் சொல்றவ நான்! ஏன் இப்படின்னு கேட்டாங்க. அப்பா தங்கச் சுரங்கத்துக்குக் கேஜுல, அந்த இரும்புக் கூண்டு லிப்டுல, நெருக்கினு இறங்கறப்போ பக்கத்து ஆள இடிக்காம இப்படித்தான் நிப்பாரு, மைன்ஸ் மூடினப்புறம் பெங்களூருக்கு வேலைக்குப் போற கூட்ட ரயில்லயும் அப்படியே, அவர்கூட அதே ரயில்ல காலேஜுக்குப் போயிப் போயி எனக்கும் வந்துடுச்சுன்னேன்.

"அப்படியே நில்லுங்க. வலியோட வர்றவங்களுக்கு இடம் விடற ஆள்தான் வேணும்"னு சொல்லி எடுத்துட்டாங்க. அதத்தான் போட்டிருக்கேன். அச்சு அசலா உங்கள மாதிரியே இருக்கேன்.

அம்மாவ பருப்புப் பொடியும் நானும் அம்மாவும் ஒண்ணாப் போத்தினு படுத்த பழைய போர்வையும் அனுப்பச் சொல்லுங்க. போர்வையத் துவைக்க வேணாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. இங்க கட்டில் ரொம்பப் பெருசுப்பா. இருந்தும் ஓரமாதான் படுக்கறேன், அம்மாவுக்கு இடம் விட்டு.

உங்க மமதா