பரவால்ல ப்ரோ

ஜூலை 4

மாண்புமிகு அண்ணனுக்கு,

குட்டிச்சாத்தான் எழுதிக்கொள்வது. நான் நலம், அம்மா நலம், அப்பா கொஞ்சம் கோபம். காரணம் உன் செருப்பு. நீ இல்லாத நேரத்தில் திருடன் வந்தால் மாட்டட்டும் என்று வலது கால் செருப்பைப் பசை போட்டு வாசலில் ஒட்டி வைத்தேன். மாட்டியது அப்பா. பால் வாங்கக் கிளம்பியவர் பாதி வழியில் நின்று, கால் மட்டும் வெளியே வந்து, "யாருடி இது?" என்றார். வீட்டில் இருப்பது மூன்று பேர். இதில் கேள்வி வேறு.

உன் கடிதம் கிடைத்தது. எல்.கே.ஜி. பிள்ளை ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது போல் இருந்தது கையெழுத்து. இடது கைப் பழக்கத்துக்குத் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், சரி. அதற்கு நான் ஏன் பதில் எழுத வேண்டும்? வண்டியிலிருந்து விழுந்தது நீ, இம்போசிஷன் எனக்கா? சிகிச்சை முடிகிறவரை போனை ஆஸ்பத்திரி ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அதைச் சொல்லு. சாயங்காலம் பேச விடுகிற கொஞ்ச நேரத்தையும் அம்மா "சாப்பிட்டியா"விலேயே முடித்துவிடுகிறாள்.

நீ கொடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டேன். அந்த போன் கேமில் உன் ஐடியில் வாராவாரம் ஆடாவிட்டால் குழுவிலிருந்து பெயர் தானாக விழுந்துவிடும், போட்டிக்கு முன்னால் நீ திரும்பி வருகிறவரை இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அவ்வளவுதானே? பஸ்ஸில் துண்டு போடுகிற வேலை. நேற்று போட்டேன். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று "மைக் ரிப்பேர்" என டைப் பண்ணினேன். போன் ரிப்பேர் பார்க்கிறவனுக்கே மைக் ரிப்பேர்! அதையும் நம்பிவிட்டார்கள்.

உன் கேப்டன் கொசுவுக்கு யார் பெயர் வைத்தது? காதுக்குள்ளேயே கத்துகிறான். "டேய் ஈயம்! பாலம்டா, பாலம்! எதிரிக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குறியே, நூப்பு!" உன் ஐடி ஈயம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கடையில் ஈயத்தை உருக்கி உருக்கி மூளைக்கும் போய்விட்டதா?

ஒரு சந்தேகம். நூப் என்றால் புதுசாக ஆட வந்தவன் என்றுதான் எங்கள் கிளாஸில் சொல்வார்கள். நீ ஆடுவது எத்தனை வருஷமாக! உன்னை ஏன் அப்படிக் கூப்பிடுகிறான்?

இப்படிக்கு,
வாடகை தராமல் உன் ரூமில் குடியிருக்கும்
குட்டிச்சாத்தான்


ஜூலை 9

குட்டிச்சாத்தானுக்கு,

பாலத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நில்லுன்னுதானே சொன்னேன்? முன்னாடி யார் போகச் சொன்னா?

உன் கிளாஸ்ல தப்பா சொல்றாங்க. புதுசா வர்றவன் நியூபி. அவனை யாரும் திட்ட மாட்டோம். விழுந்தா தூக்கி விடுவோம், எங்க ஒளியணும்னு காட்டுவோம். நூப் வேற. ரொம்ப நாளா ஆடுறவன், தெரிஞ்சிருக்கணும், ஆனா சொதப்புறான். அவன்தான் நூப். அதனாலதான் திட்டு. கொசு என்னை நூப்புன்னா, எனக்கு ஆடத் தெரியும்னு நம்புறான்னு அர்த்தம். நீ சந்தோஷமா வாங்கிக்கோ.

"பாட்"னு (bot) திட்டினா மட்டும் எனக்குச் சொல்லு. அது கம்ப்யூட்டரே ஆட்டி வைக்கிற பொம்மை. அது கொஞ்சம் ஓவர்.

இங்கேயும் அதே கதைதான். பிசியோ அக்காவுக்கு ராட்சசின்னு பேர் வெச்சிருக்கேன். வலது கைக்குக் கீழ துண்டைச் சுருட்டி வெச்சு, "நேத்து கட்டைவிரல் அசைஞ்சுது, இன்னிக்கு ஏன் அசையல? என்னை ஏமாத்துறியா, சோம்பேறி?"ன்னு வார்டுக்கே கேக்குற மாதிரி கத்துறாங்க. பக்கத்து பெட்ல ஒரு லாரி டிரைவர் இருக்கார். எங்க ரெண்டு பேருக்கும் யாருக்கு அதிக திட்டுன்னு போட்டி. நான்தான் முன்னாடி இருக்கேன்.

ஒரு பக்கம் முடிஞ்சுது. கை வலிக்குது. நல்ல கைதான்.

அண்ணன்


ஜூலை 16

திட்டு வாங்குவதில் முதலிடம் பிடித்த அண்ணனுக்கு,

உன் முதலிடம் ஆட்டம் காண்கிறது. இந்த வாரம் உன் பெயரில் நான் வாங்கிய திட்டுக்கு நீ அங்கே பத்து ராட்சசி வைத்தாலும் ஈடாகாது. எதிரி அடிபட்டுக் கிடந்தான், பாவமாக இருந்தது, மருந்துப் பெட்டியைக் கொடுத்தேன். அவன் எழுந்து ரொட்டியைச் சுட்டுவிட்டான். பேக்கரியில் வேலை பார்க்கிறவனுக்கு ரொட்டி என்று பெயர் வைத்ததும் யார்? நீதானே? ரொட்டி ஆட்டத்தில் செத்த பிறகும் விடாமல் கத்தினான்: "நூப்பு! டொக்கு! நீ யார் டீம்டா? சம்பளம் அங்கேயா வாங்குற?" எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. அம்மா எட்டிப் பார்த்து, "படிக்கிறதுல என்னடி சிரிப்பு?" என்றாள்.

ஒரு நியூபியும் வந்திருக்கிறான். குரல் கூட இன்னும் உடையவில்லை. நீ சொன்னது நிஜம்தான். அவன் தண்ணீரில் விழுந்தால் கொசுவே, "பரவால்ல தம்பி, இந்தப் பக்கமா ஏறி வா" என்கிறான். கொசு தேன் எடுப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இனி முக்கியச் செய்தி. அப்பா மாவாட்டுகிற மிக்ஸி ஜாரைத் திருப்பி மாட்டினார். "நூப்புப்பா நீ" என்றேன். "அப்படின்னா?" என்றார். "ரொம்ப அனுபவசாலின்னு அர்த்தம்பா." நீ சொன்ன இலக்கணப்படி பாதி உண்மைதானே? மனிதர் அதை மனசில் வைத்துக்கொண்டு, ஆபீஸில் மேனேஜரின் பிரிவு உபசார விழாவில் மைக்கைப் பிடித்து, "சார் மாதிரி ஒரு நூப்பை இந்த ஆபீஸ் பார்த்ததில்லை" என்று பேசியிருக்கிறார். பின்வரிசையில் இருந்த சின்னப் பையன்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை. நீ வந்து சமாதானம் பண்ணு.

கட்டைவிரல் எப்படி இருக்கிறது? அதையும் நான் திட்டினதாகச் சொல்லு.

இப்படிக்கு,
அனுபவசாலியின் மகள்


ஜூலை 25

அண்ணா,

நீ இன்னும் பதில் போடவில்லை. பரவா— இல்லை, அந்த வார்த்தையை எழுத மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ரொட்டி தன் போனைச் சரிபண்ண உன் கடைக்கே போயிருக்கிறான். அது உன் கடை என்று அவனுக்குத் தெரியாது. உன் முதலாளி பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்பு அறுந்தது, எப்போது வருவான் என்று தெரியாது, நல்ல வேலைக்காரன், ஐடி கூட ஈயம் என்று வைத்திருந்தான். நீ "சின்ன அடி"தான் என்று சொல்லி வைத்திருந்தாய். ரொட்டி அதைக் குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான், ஒற்றைக் கையோடு ஆடுவது நீ இல்லை என்பது.

அன்றைக்கு ஆட்டத்தில் நான் பாலத்திலிருந்து நேராக ஆற்றில் குதித்தேன். கை தவறிவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். கொசு மெதுவாக, "பரவால்ல ப்ரோ. நல்லா ட்ரை பண்ணீங்க" என்றான்.

ப்ரோவாம்! பண்ணீங்களாம்! ங்க!

அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே ரொட்டியைச் சுட்டேன். "பரவால்ல ப்ரோ." நம் பாலத்துக்கு நாமே வெடி வைத்தேன். முழுப் பாலமும் போச்சு, அண்ணா! "நீங்க வந்ததே சந்தோஷம் ப்ரோ." கடைசியில் டைப் பண்ணினேன்: "திட்டுடா கொசு." அவன் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதே ஆட்டத்தில் அந்த நியூபி பாலத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தான். கொசு கத்தினான் பார், "டேய் நூப்பு, எத்தனை தடவை சொல்றது!" என்று. முதல் தடவையாக அவனைத் திட்டினான். அந்தப் பையனுக்குக் குரலிலேயே பெருமை வழிந்தது.

சின்ன வயதில் நீங்களெல்லாம் ஓடிப்பிடித்து விளையாடும்போது என்னை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வீர்களே, நினைவிருக்கிறதா? என்னை யார் தொட்டாலும் நான் அவுட் இல்லை. ரொம்ப நாள் நான்தான் பெரிய ஆட்டக்காரி என்று நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்த அன்றைக்கு, "என்னையும் அவுட் ஆக்குங்கடா" என்று தரையில் உருண்டு அழுதேன். நீதான் வந்து முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்து, "அவுட். போய் உட்காரு" என்றாய்.

நான் என்ன செய்யட்டும், சொல்லு. ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள்ளவா? ராத்திரி பகலாகக் கற்றுக்கொள்கிறேன். எனக்கு இரண்டு கை இருக்கிறது, மூளைதான் பத்தவில்லை.

இப்படிக்கு,
குட்டிச்சாத்தான்


ஜூலை 31

குட்டிக்கு,

நீ கத்துக்க வேண்டாம்.

உன் லெட்டர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்கேயும் நடந்துடுச்சு. எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். வழக்கம் போல துண்டைச் சுருட்டி வெச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டு கட்டைவிரலை மட்டும் நினைச்சேன். வியர்த்துப் போச்சு. எப்ப கத்துவாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். சத்தமே இல்ல. கண்ணைத் திறந்தா, துண்டை மடிச்சு வெச்சிட்டிருக்காங்க. "பரவாயில்லப்பா. இன்னிக்குப் போதும்"னு சொன்னாங்க.

திரும்பி அடுத்த பெட்டுக்குப் போனதும் லாரி டிரைவரைப் பிடிச்சு, "என்னய்யா, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கை ஸ்பூனைப் பிடிக்காதா?"ன்னு ஒரே சத்தம். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியதும் இல்ல. இப்ப எல்லாப் பயிற்சியும் இடது கைக்குத்தான். சட்டை பட்டன், சீப்பு, சாவி.

நீ ஒரு வேலை பண்ணு. கொசு பாவம், என்னை எடுத்துடவும் முடியாம வெச்சுக்கவும் முடியாம முழிச்சிட்டிருப்பான். என் ஐடில போய், குழுவிலிருந்து விலகுன்னு இருக்கும், அதை அமுக்கிடு. அந்தப் பையன் என் இடத்துல ஆடட்டும்.

அப்புறம் எனக்கு ஒரு லெட்டர் போடு. நல்லா திட்டி. நீ பிறந்ததிலேர்ந்து அதைத்தானே பண்றே. இங்க யாரும் திட்ட மாட்டேங்கறாங்க.

அண்ணன்


ஆகஸ்ட் 6

டேய் அண்ணா,

அமுக்கிவிட்டேன். "நிச்சயமாகவா?" என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. இல்லை என்றால் யார் அமுக்குவார்கள், லூசுப் பெட்டி. நியூபிதான் முதலில் இதயம் போட்டான். அப்புறம் ரொட்டி. கொசு, "நீங்க எப்பவும் லெஜண்ட் ப்ரோ" என்று எழுதினான். ஒருத்தனாவது "எங்கடா ஓடுற நூப்பு" என்று கேட்பான் என்று போன் சூடாகிறவரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, இப்போது திட்டு. கேட்டு வாங்கியிருக்கிறாய், குறைக்க மாட்டேன்.

நூப்பு. சோம்பேறி. டொக்கு. வண்டி ஓட்டத் தெரியாதவன். மழையில் யாராவது அந்த வேகத்தில் திரும்புவார்களா? உன்

இங்கே ஒரு வரியை அடித்திருக்கிறேன். தோண்டிப் பார்க்காதே.

மூன்று தாளைக் கிழித்தாகிவிட்டது. எப்போதும் சரளமாக வருகிற திட்டு, பேனாவைப் பிடித்தால் வரமாட்டேன் என்கிறது. தெரியாதவனுக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறீர்கள். தெரிந்தும் சொதப்புகிறவனுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் தெரிந்தவனிடமிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டால், அவனை எப்படிக் கூப்பிடுவது? கொசுவிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

வீட்டிலும் சட்டம் போட்டாகிவிட்டது. அம்மா உன் சட்டையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, பட்டன் இல்லாத பனியன்களாக வாங்கி அடுக்கியிருக்கிறாள். "அவன் வந்ததும் வம்பு பண்ணக் கூடாது, சண்டை போடக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்க வந்தாள். கொடுக்காமல் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்பா என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார். திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வாசலில் உன் செருப்பு அப்படியே இருக்கிறது. நான் இழுத்தேன், அப்பா கத்தியைக் கொண்டு நெம்பினார், வெந்நீர் ஊற்றினோம். வரவே இல்லை. என்ன பசையோ.

எப்போது விடுகிறார்கள்?

இப்படிக்கு,
உன் தங்கை


ஆகஸ்ட் 11

குட்டிச்சாத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை விடறாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவை அனுப்பாதே. பையைப் பிடுங்கித் தூக்கிக்குவார். நீ வா. சும்மா கூட நடந்து வா.

திட்டு பத்தல. படு கேவலம். அந்த வரியை அடிச்சிருக்கியே, தாளைத் திருப்பி ஜன்னல்கிட்ட பிடிச்சா நல்லாவே தெரியுது. "பரவால்லண்ணா"ன்னு எழுதியிருக்கே.

இத்தனை வருஷமா என்னைத் திட்டியும் உனக்கு வரல பாரு. நீதான்டி நூப்பு.

இன்னொண்ணு எழுது. போஸ்ட் பண்ண வேண்டாம், கையில கொடு. இந்தத் தடவை அந்த வார்த்தை இருந்துச்சுன்னா, அதே பஸ்ல திரும்பி ஏறிடுவேன்.

செருப்பை எடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்.

அண்ணன்
(இடது கை)